பிராண்டுக்கு முன் எடையும் நீளமும்: பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2014-ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. இடப்பக்கப் பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று அடிக்கிறது. தொலைதூரம் போய்வந்தால் இடுப்பு வலிக்கிறது. வார நாட்களில் தனியாக அலுவலகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி, மகன், ஒரு பையுடன் சொந்த ஊர். கசியும் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். இரண்டையும் கழற்றிவிட்டு, ஓர் அங்குலம் உயரமான, தடித்த ஸ்பிரிங் கொண்ட கேஸ் ஷாக் (உள்ளே எண்ணெயோடு வாயுவும் நிரப்பியது) போடுங்கள் என்கிறார் இன்னொருவர். எந்த பிராண்டு வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: உங்கள் வண்டி சுமக்கும் எடைக்கு எவ்வளவு நீளமான, எவ்வளவு விறைப்பான ஷாக் பொருந்தும் என்பதுதான். அதற்கு விடை கிடைத்துவிட்டால் பிராண்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது.

நான் இயந்திரவியல் படித்துவிட்டு, ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது சஸ்பென்ஷன் வேலைகளுக்கென்றே ஒரு பட்டறை நடத்துகிறேன். உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்காமல்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை உறுதியாகச் சொல்கிறேன். நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பவற்றை அப்படியே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. ஷாக் அப்சார்பர் என்று நாம் ஒரே பொருளாக வாங்குவதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் டேம்பர், அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. டேம்பரில் ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. இப்படி ஆட்டத்தை அடக்குவதைத் தணிப்பு என்கிறோம். பெரும்பாலான ஷாக்குகளில் அமுங்கும்போது இருக்கும் தணிப்பைவிட விரியும்போது இருக்கும் தணிப்பு அதிகம். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் உங்களை மேலே உந்தித் தள்ளாமல் பிடித்து வைப்பது அந்த விரியும் தணிப்புதான்.

இந்த இரண்டில் தேய்ந்து போவது பெரும்பாலும் டேம்பர். நல்ல எஃகு ஸ்பிரிங் பத்து ஆண்டுகளில் சற்றுத் தளரலாம், ஆனால் திடீரென்று வலுவிழப்பதில்லை. எண்ணெய் சீல் போய்விடும், எண்ணெய் குறையும், வால்வு தேயும். பின்பக்கம் துள்ளுகிறது, அடிக்கிறது என்றவுடன் தடித்த ஸ்பிரிங்கைத் தேடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. டேம்பர் செத்துப்போனதால் வந்த துள்ளலுக்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் துள்ளல் கூடும். இது எனக்குத் துளியும் ஐயம் இல்லாத விஷயம்.

உங்கள் ஷாக் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். பிஸ்டனோடு சேர்ந்து உள்ளே போய்வரும் தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அது கசிவாகாது. சீல் வேலை செய்யும் விதமே அதுதான். உடல் பகுதியில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுப்புக் களிம்பாகப் படிந்திருந்தால் அது கசிவு. சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். மறுபடி ஈரம் வந்தால் சீல் போயிற்று. தண்டு கண்ணுக்குத் தெரியும் அமைப்பாக இருந்தால், அதன் குரோம் பூச்சில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துரு குழி பறித்திருக்கிறது என்று பொருள். புதுச் சீல் போட்டாலும் அந்தக் குழி சில வாரங்களில் அதைக் கிழித்துவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளில் இது அதிகம்.

அடுத்தது அந்த 'டக்' ஒலி. அது எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். சுமையோடு பெரிய பள்ளத்தில் விழும்போது மட்டும் கனமாக இடித்தால், ஷாக் தன் நீளம் முழுவதும் அமுங்கி அடியில் முட்டுகிறது. வேகத்தடையைத் தாண்டி சக்கரம் கீழே தொங்கும் கணத்தில் உலோக ஒலியாகக் கேட்டால், விரியும் தணிப்பு போய்விட்டதால் தண்டு முழுதாக விரியும் எல்லையில் போய் அடிக்கிறது. சின்னச் சின்ன மேடுகளிலும் 'கடக் கடக்' என்று கேட்டால் ஷாக்கின் இரு முனைக் கண்களில் (போல்ட் நுழையும் துளைகளில்) இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். அப்படியானால் மலிவான ஒரு புஷ் மாற்றத்தோடு ஒலி போய்விடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டியும் பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தால் அங்கே ஆட்டம் தெரியும். அதை விட்டுவிட்டு ஷாக்கை மட்டும் மாற்றினால் வளைவில் வண்டி நெளிவது நிற்காது.

இருக்கையின் பின்பகுதியைப் பலமாக அழுத்தி விடும் சோதனை எல்லோருக்கும் தெரியும். வண்டி ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் டேம்பரில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் நம்பகமானது. ஆடினால் கெட்டுவிட்டது என்பது உறுதி. ஆடாவிட்டால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இறுகிப்போன புஷ்களின் உராய்வும் வண்டியை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் வழிவது உறுதியானால், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும். ஒரே வண்டியில் ஒரே காலம் ஓடியவை என்பதால் இப்போது கசியாத பக்கத்தின் எண்ணெயும் வால்வும் அதே அளவு உழைத்தவைதான். எண்ணெய் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், முதலில் அந்த ஷாக் பிரிக்கும்படி வடிவமைக்கப்பட்டதா என்று கேளுங்கள். உடலை அறுத்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி பற்றவைக்கும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேஸ் நிரப்பிய ஷாக்கை அறுப்பதும் துளையிடுவதும் ஆபத்து. ஸ்பிரிங்கை அதற்கான கருவி இல்லாமல் கழற்றுவதும் அப்படித்தான். விடுபட்ட ஸ்பிரிங் முகத்தில் வந்து அடித்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இனி முக்கியமான கேள்வி: எந்த விறைப்பு? இதை ஊகத்தில் முடிவு செய்யாமல் அளந்து முடிவு செய்யலாம். ஒரு அளவு நாடாவும் உதவிக்கு இருவரும் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். சக்கர அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டில் ஒட்டிய ஒரு டேப் துண்டு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நீங்கள் வழக்கமாக அணியும் உடையோடு ஏறி, இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்கள். நண்பர் முன்னாலிருந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அதே இரு புள்ளிகளை அளக்கட்டும். பின்னர் மனைவி, மகன், பையுடன் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வண்டியை லேசாக அழுத்திவிட்டு ஒரு அளவு, லேசாகத் தூக்கிவிட்டு ஒரு அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். உராய்வால் வரும் பிழை அதில் குறைந்துவிடும். கசியும் பழைய ஷாக்கிலேயே இதைச் செய்யலாம். நின்ற நிலையில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் என்பதால் டேம்பர் கெட்டிருந்தாலும் அளவு பெரிதாக மாறாது.

முதல் அளவிலிருந்து மற்ற அளவுகளைக் கழித்தால் கிடைப்பது அமிழ்வு, அதாவது நீங்கள் ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பது. சாலையில் ஓடும் வண்டிக்கு ஓட்டுநர் மட்டும் அமர்ந்த நிலையில் மொத்த ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய முழுத் தூரத்தில்) நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ்வது நல்லது என்பது இத்துறையில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. உங்கள் மாடலின் பின் சக்கர ஓட்டம் 80 மி.மீ. ஆகவே தனியாக 20 முதல் 27 மி.மீ. வரை. குடும்பத்துடன் போகும்போது 32 மி.மீ. அளவில் நிறுத்த முடிந்தால் நல்லது. 40-ஐத் தாண்டினால் பள்ளத்துக்கென்று மீதி இருப்பது பாதி ஓட்டம் மட்டுமே. இந்த 32, 40 என்பவை என் பட்டறை அனுபவத்தில் வைத்திருக்கும் எல்லைகள். இரண்டு மூன்று மி.மீ. கூடக் குறைய இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காக, உங்கள் வண்டியின் ஸ்பிரிங்கை நான் அளக்கவில்லை. பின் ஸ்பிரிங்குகளின் மேல் வண்டியின் சொந்த எடை 75 கிலோவும், உங்கள் எடையில் பின்பக்கம் இறங்கும் பங்கு 45 கிலோவும் என்று வையுங்கள், மொத்தம் 120. மனைவி, மகன், பை ஆகியவற்றின் எடை ஏறக்குறைய முழுவதும் பின் சக்கரத்தின் மேல்தான் இறங்கும். அவர்களும் ஏறினால் 205 கிலோ. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கிறது என்றால் இரண்டும் சேர்ந்து 40 நியூட்டன், அதாவது சுமார் நான்கு கிலோ. தனியாகப் போகும்போது ஸ்பிரிங் 29 மி.மீ. அமுங்க வேண்டும், குடும்பத்துடன் 50 மி.மீ. ஷாக்கில் பூட்டும்போதே ஸ்பிரிங் 8 மி.மீ. அமுக்கி வைக்கப்பட்டிருந்தால் அமிழ்வு முறையே 21, 42. இப்போது அடியில் இருக்கும் பல் வளையத்தைச் சி ஸ்பேனரால் கடைசிப் படிக்குத் திருப்பி, அந்த 8 மி.மீ.-ஐ 18 ஆக்கினால் குடும்பத்துடன் அமிழ்வு 32-க்கு வந்துவிடும். பள்ளத்துக்குக் கூடுதலாக 10 மி.மீ. கிடைக்கும், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

அந்த ஐந்து படி வளையத்தைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை. வண்டி வாங்கிய நாளில் எந்தப் படியில் இருந்ததோ அதே படியில் துருப்பிடித்து நிற்கும் வளையங்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அதைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு, அது சரியல்ல. ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்ட ஸ்பிரிங் ஐந்தாவது படியிலும் 20 நியூட்டன்தான் கேட்கும். வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. சனிக்கிழமை இரவு கடைசிப் படி, ஞாயிறு இரவு மறுபடி முதல் படி அல்லது இரண்டாவது படி. இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டால் உங்களுக்கு வேறு ஸ்பிரிங்கே தேவைப்படாமல் போகலாம்.

கடைசிப் படியிலும் குடும்பத்தோடு 40-க்கு மேல் அமிழ்ந்தால்தான் விறைப்பான ஸ்பிரிங் நியாயமாகிறது. அப்போதும் அளவோடுதான். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல், கம்பி 7.5 மி.மீ.-இலிருந்து 8 மி.மீ. ஆனால் விறைப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடும். அரை மி.மீ. தடிமன் கடையில் கண்ணுக்குத் தெரியாது, முதுகுக்குத் தெரியும். மேலே போட்ட கணக்கில் அந்த 30 சதவீதத்தைச் சேர்த்துப் பாருங்கள்: குடும்பத்துடன் முதல் படியிலேயே 31 மி.மீ. என்று அழகாக வரும், ஆனால் வாரத்தில் ஆறு நாள் தனியாகப் போகும்போது 15 மி.மீ.தான் அமிழும். அந்த ஆறு நாளும் ஒவ்வொரு குழியும் நேராக இருக்கைக்கு வரும்.

இடுப்பு வலியோடு இதற்குத் தொடர்பு உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடல், செங்குத்து அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும் அதிர்வுகளுக்கு மிக அதிகமாக ஆட்படுகிறது. நம் எடுத்துக்காட்டு வண்டியின் பின்பக்கம் தனியாகப் போகும்போது வினாடிக்கு சுமார் 2.9 முறை ஆடும். தடித்த ஸ்பிரிங்கில் 3.3 ஆகும். அதாவது உடல் வெறுக்கும் எல்லையை நோக்கி நகர்கிறோம். இதுவரை இயற்பியல், இதில் தயக்கம் இல்லை. ஆனால் உங்கள் வலிக்குக் காரணம் ஷாக்தானா என்பதை நான் சொல்ல முடியாது. தேவைக்கு அதிகமான டயர் காற்று, அமுங்கித் தட்டையாகிப்போன சீட் ஃபோம், ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும் நிலை, எல்லாம் வலியைத் தரும். முதலில் வண்டியின் கையேட்டில் உள்ளபடி தனிப் பயணத்துக்கும் பின்னால் ஆள் ஏற்றும் பயணத்துக்கும் தனித்தனியாகக் காற்றைச் சரிபாருங்கள். புது ஷாக் போட்ட பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் மறுபடி போவதில் பயனில்லை.

விறைப்பான ஸ்பிரிங்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் விறைப்பானால் அது விரியும்போது உந்தும் வலுவும் கூடுகிறது. அதை அடக்க டேம்பரின் விரியும் தணிப்பும் கூட வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்தே வடிவமைக்கிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பலவற்றில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் தடித்த ஸ்பிரிங் இருக்கும், உள்ளே டேம்பர் மெலிந்திருக்கும். அதை மாட்டினால் முதல் வாரம் வண்டி நிமிர்ந்து நிற்பதாக ஒரு திருப்தி வரும். பிறகு வேகத்தடையில் பின்னால் இருப்பவர் இருக்கையைவிட்டு எழும்பத் தொடங்குவார். எங்கள் பட்டறைக்கு வரும் புகார்களில் இதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, ஏனென்றால் குழந்தையை நடுவில் உட்காரவைத்துப் போகும் குடும்பங்களே இதில் அதிகம்.

சில ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். நெருக்கமான சுருள்கள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மீதிச் சுருள்கள் மட்டும் வேலை செய்து விறைப்பு கூடும். பஜாஜ் தன் சில மாடல்களில் ஸ்பிரிங்குக்குள் ஸ்பிரிங் வைத்து இதே நோக்கத்தை வேறு வழியில் நிறைவேற்றியது. தனியாகவும் குடும்பமாகவும் போகும் உங்களைப் போன்றவருக்கு இந்த வகை பொருத்தமே. நெருக்கமான பக்கம் மேலா கீழா என்று சண்டை போடுவார்கள். விறைப்பில் எந்த வேறுபாடும் இல்லை. மேலே வைத்தால் சக்கரத்தோடு ஆடும் எடை சற்றுக் குறையும், அவ்வளவே.

உயரத்துக்கு வருகிறேன். ஓர் அங்குலம் உயரமான ஷாக் போடாதீர்கள். மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ் போல்ட் துளையின் நடு வரை உள்ள நீளம் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். 5 மி.மீ. வரை வேறுபட்டால் தாங்கிக்கொள்ளலாம். பின்பக்கம் 10 மி.மீ. உயர்ந்தாலே முன் ஃபோர்க்கின் சாய்வு அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நிமிர்கிறது. வண்டியை நேர்கோட்டில் வைத்திருக்கும் டிரெயில் என்ற அளவு சுமார் இரண்டரை மி.மீ. குறைகிறது. 25 மி.மீ. உயர்த்தினால் அதுபோல் இரண்டரை மடங்கு. வேகத்தில் ஹேண்டில்பார் லேசாகிவிட்டதாகத் தோன்றும். இதைத் தவிர அன்றாடத் தொல்லைகளும் உண்டு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தொடும். செயினைச் சரிசெய்யவோ பஞ்சர் பார்க்கவோ முடியாது. சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். ஹெட்லைட் வெளிச்சம் அருகே விழும். ஸ்விங் ஆர்ம் இன்னும் கீழ்நோக்கிச் சாய்வதால் செயின் அதன் மேல் உராயலாம். குட்டையான ஷாக்கில் ஆபத்து வேறு: முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டில் முட்டும்.

நீளத்தோடு இன்னும் சிலவற்றை ஒப்பிடுங்கள்: கண்ணின் உள்விட்டம், புஷ்ஷின் அகலம், கீழ் முனை வளையமா கவைபோல் பிளந்ததா. தண்டு நகரும் தூரமும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். நீளம் ஒன்றாக இருந்து, தண்டு கூடுதல் தூரம் அமுங்கினால் அங்கேயும் டயர் மட்கார்டைத் தொடும். பக்கவாட்டில் சைலன்சர், செயின் கவர், சேலை கார்டு ஆகியவற்றுக்கும் ஷாக்குக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். எண்ணெயும் வாயுவும் இருக்கும் தனிக் குப்பி ஒட்டிய ஷாக் வாங்கி வந்து, அது சேலை கார்டில் இடிக்கிறது என்று கார்டைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் சேலையோடு ஒருவர் உட்காரும் வண்டியில் அந்தக் கார்டு ஷாக்கைவிட முக்கியம்.

அந்தக் குப்பியும் கேஸும் எதற்கு? கரடுமுரடான சாலையில் பிஸ்டன் வேகமாக ஓடும்போது எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும். நுரை துளைகளில் எளிதாகப் பாய்வதால் தணிப்பு குறைகிறது. எண்ணெயை அழுத்தத்தில் வைத்தால் இது குறையும். அதற்கு நைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். ஈரமில்லாதது, எண்ணெயைக் கெடுக்காதது. எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் பிஸ்டனால் பிரித்துவைக்கும் முறையை 1950-களில் பிரான்சின் டி கார்பன் நிறுவனம் பரப்பியது. இன்றும் உயர்தர ஷாக்குகளின் அடிப்படை அதுதான். எளிய கேஸ் ஷாக்குகளில் இரண்டும் கலந்தே இருக்கும். தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கிளாசிக்கில் கம்பெனி கொடுத்ததே கேஸ் ஷாக்தான்.

கேஸ் எடையைத் தாங்கும் என்பது தவறான எண்ணம். 10 மி.மீ. விட்டமுள்ள தண்டும் உள்ளே 10 பார் அழுத்தமும் இருப்பதாக வைத்துக்கொண்டால் வாயு தண்டை வெளியே தள்ளும் விசை 78 நியூட்டன், அதாவது 8 கிலோ. உங்கள் மனைவி, மகன் எடைக்கு முன் அது ஒன்றுமில்லை. தனிக் குப்பி நன்மை தரும் இடம் மணிக்கணக்கில் மோசமான சாலையில் வேகமாகப் போகும் பயணம். எண்ணெயின் அளவு கூடுவதால் சூடும் மெதுவாகவே ஏறும். அலுவலகம் போய்வரும் வண்டியில் அந்த வேறுபாட்டை நீங்கள் உணர்வீர்களா என்பது எனக்கு ஐயம். மலிவான சிலவற்றில் குப்பி வெறும் அலங்காரம். உடலுக்கும் குப்பிக்கும் இடையே எண்ணெய் போகும் வழி இருக்கிறதா, குப்பியில் வாயு நிரப்பும் வால்வு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது பிராண்டு. அமிழ்வு மேலே சொன்ன எல்லைக்குள் வந்தால், உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய கம்பெனி ஸ்பேர் ஜோடியை வாங்குங்கள். வேறு எதையும் தேட வேண்டாம். இந்திய இருசக்கர வாகன ஆலைகளுக்கு ஷாக் செய்து தரும் கேப்ரியல், எண்டூரன்ஸ், முஞ்சால் ஷோவா போன்றவர்களில் யாராவது உங்கள் மாடலின் பெயரைக் குறிப்பிட்டு விற்றால் அதையும் வாங்கலாம். கேப்ரியலின் ஒரு தொழிற்சாலை நம் ஓசூரிலேயே இருக்கிறது. அமிழ்வு எல்லையைத் தாண்டினாலோ, மாதம்தோறும் நெடும்பயணம் போவீர்களானாலோ, எடையைச் சொன்னால் அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு தருபவர்களிடம் போங்கள். தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ்., இங்கிலாந்தின் ஹேகன் ஆகியோர் அப்படிப்பட்டவர்கள். 1976-இல் தொடங்கிய சுவீடனின் ஓலின்ஸ் அதற்கும் மேல். ஆனால் உங்கள் பயன்பாட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. ஒதுக்க வேண்டியது ஒன்றே: எந்த மாடலுக்கு என்று எழுதாமல், 'எல்லா பைக்குக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் ஷாக். 100 சி.சி. வண்டிக்கும் ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள உங்கள் வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிச் சரியாகும்?

மாற்றும் வேலை கடினமில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். ஸ்விங் ஆர்ம் விழாமல் நிற்கும். போல்ட்டுகளைக் கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பின், கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்குங்கள். ரப்பர் புஷ் முறுக்கிய நிலையில் பூட்டப்படாது. படுக்கை நிலையில் பெட்டியில் கிடந்த ஷாக் முதல் சில அமுக்கங்களில் களகளவென்று ஒலிக்கலாம். இருக்கையைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினால் உள்ளே புகுந்த வாயு மேலே போய்விடும். அதன் பிறகும் ஒலித்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். செயின் தளர்வைப் புதிதாகச் சரிபாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நான்கு நட்டுகளையும் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் அந்த மூன்று அளவுகளையும் எடுத்து, வளையம் இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்பதோடு இங்கே எழுதுங்கள். 'டக்' ஒலி அமுங்கும்போதா விரியும்போதா என்பதையும் சேர்த்துச் சொன்னால், பழைய விறைப்பே போதுமா, இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.